நட்சத்திர முகமும் ஓவியர் கையும்: வாசகர் கேள்வி – பதில்

இளமையில் சென்னையில் சினிமா பேனர் எழுதியவர். பிறகு பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கலையையும் நட்சத்திரப் புகழையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.

ஐயா, நீங்கள் எழுதியதெல்லாம் நடிகர் நடிகைகளின் முகங்கள். ஜனங்கள் நின்று பார்த்தது அந்த நடிகருக்காகத்தான். அதைக் கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? விளம்பரம்தானே?
*– வாசகி, கும்பகோணம்*

விளம்பரம்தான் அம்மா. தியேட்டர் வாசலில் கூட்டம் சேர வேண்டும் என்று தயாரிப்பாளர் காசு கொடுத்தார், எழுதினோம். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் விதானச் சித்திரம் எழுதியவர்களும் யாரோ ஒருவர் கூலி கொடுத்துத்தான் எழுதினார்கள். காசு யாருடையது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

கம்பெனியிலிருந்து கறுப்பு வெள்ளை ஸ்டில் ஒன்று வரும். அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவோம். துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி வெள்ளைப் பொடி கலந்து பூசிக் காயவிடுவோம். காய்ந்த துணியில் அதே கட்டங்களைப் பல மடங்கு பெரிதாக்கி அடிப்போம். அதன் பிறகு கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கோடு. கேட்பதற்கு இயந்திர வேலை மாதிரி இருக்கும். வண்ணம் வைக்கத் தொடங்கும்போதுதான் விஷயமே ஆரம்பிக்கும்.

ஒரு கண்ணே ஆள் அகலம் இருக்கும். பக்கத்தில் நின்றால் அது கண் என்று தெரியாது. பழுப்பும் கருநீலமும் சிவப்பும் திட்டுத் திட்டாகக் கிடக்கும். முகம் எழுதும் மூத்தவர் சாரத்திலிருந்து இறங்கி, எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்று பார்ப்பார். திரும்பி ஏறி வந்து மூக்கின் ஓரத்தில் பச்சையை ஒரே வீச்சாகக் கத்தியால் வைப்பார். பச்சையா, மனுஷன் முகத்திலா என்று புதிதாக வந்த பையன்கள் விழிப்போம். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் அந்தப் பச்சைதான் மூக்கை எடுத்து நிறுத்தியிருக்கும். ஸ்டில்லில் நிறமே கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். கன்னத்து ரோஜா நிறம், கழுத்துக்குக் கீழே ஊதா, நெற்றியில் மஞ்சள் வெளிச்சம் எல்லாமே எழுதியவருடைய தீர்மானம். பேருந்தில் போகிறவர் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்க்கும் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

1957-இல் வந்த 'வணங்காமுடி' படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் கம்பெனி சிவாஜிக்கு 80 அடிக் கட்டவுட் நிறுத்தியதைப் பட்டறைகளில் அவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள். அதைப் பார்க்கவே ஊர் திரண்டது என்பார்கள். அதன் முகத்தை எழுதியவர் யார், ப்ளைவுட்டை உருவத்துக்கு ஏற்ப அறுத்த ஆசாரி யார், சவுக்கு மரத்தில் சாரம் கட்டியவர் யார் என்று வெளியே யாரும் கேட்டதில்லை. துணியின் மூலையில் கம்பெனி பெயர் இருக்கும். முகம் எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. படம் தூக்கப்பட்டதும் துணி பட்டறைக்குத் திரும்பும். வெள்ளை அடித்து அடுத்த படத்தை எழுதுவோம். எத்தனையோ நல்ல முகங்கள் இப்படி ஒன்றின் அடியில் ஒன்றாகப் போயின. நடிகருக்குப் படச்சுருளாவது மிஞ்சியது.

நடிகர்களையும் பெரிய மனிதர்களையும் அழைத்து ஓவியக் கண்காட்சி திறப்பது சரியா?
*– வாசகர், திருநெல்வேலி*

சரிதான். அவர்கள் வந்தால் செய்தியாளர் வருவார். செய்தி வந்தால் நாலு பேர் வருவார்கள். ஆனால் மறுநாள் பத்திரிகையில் வரும் படத்தைப் பாருங்கள்: வந்தவர் ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக் கேமராவைப் பார்த்து நிற்பார். அமைப்பாளர்கள் ஒன்று செய்யலாம். விருந்தினரை ஒரே ஒரு ஓவியத்தின் முன்னால் ஐந்து நிமிடம், வரைந்தவரோடு நிற்க வையுங்கள். அந்தப் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுங்கள், வரைந்தவர் பெயரோடு.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த மர்லின் மன்றோ படம் 2022-இல் சுமார் 19.5 கோடி டாலருக்கு ஏலம் போனது என்று படித்தேன். ஒரு புகைப்படத்தை எடுத்து வண்ணம் போட்டதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு விலை? நீங்கள் செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
*– கல்லூரி மாணவர், சேலம்*

நல்ல கேள்வி தம்பி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

வார்ஹோல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் 1928-இல் பிறந்தவர். நியூயார்க்கில் காலணி விளம்பரங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். அந்த வகையில் அவரும் எங்கள் தொழில்தான். 1962 ஆகஸ்ட்டில் மர்லின் மன்றோ இறந்தார். அதை ஒட்டி, 1953-இல் வந்த 'நயாகரா' படத்தின் விளம்பரத்துக்காக எடுத்த ஒரு ஸ்டில்லை வார்ஹோல் எடுத்துக்கொண்டார். அதைப் பட்டுத்திரையில், அதாவது மை கசிந்து அச்சாகும் மெல்லிய துணித் திரையில் ஏற்றி, கான்வாஸில் முதலில் முடிக்கு மஞ்சள், முகத்துக்கு ரோஜா, இமைக்கு நீலம் என்று வண்ணப் பரப்புகளைப் பூசி, அதன்மேல் கறுப்பு மையால் அந்தப் புகைப்படத்தை அச்சிட்டார். பல இடங்களில் வண்ணம் ஒரு பக்கம் இருக்கும், மை சற்று விலகி விழுந்திருக்கும். உதட்டுச் சாயம் உதட்டை விட்டுத் தள்ளி நிற்கும். சரிசெய்யாமல் அப்படியே விட்டார்.

அந்த வரிசையில் ஒன்று லண்டனில் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1962-இல் செய்தது. இரண்டு பலகை, மொத்தம் 50 மர்லின். இடப்பக்கம் 25 முகங்கள் பளீரென்ற நிறத்தில். வலப்பக்கம் 25 முகங்கள் கறுப்பு வெள்ளையில். சில மை அதிகமாகிக் கறுத்துப் போயிருக்கின்றன, சில மை தீர்ந்து வெளிறி, கடைசி வரிசைக்குப் போகும்போது முகமே கரைந்து போகிறது. அச்சில் பார்த்தாலும் பரவாயில்லை, இதைத் தேடிப் பார். ஒரு பெண்ணின் முகத்தை உலகம் திரும்பத் திரும்ப அச்சடித்துத் தின்று தீர்த்ததை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் பேனரில் நடிகரைப் பெரிதாக்கினோம். அவர் பெரிதாக்குகிற வேலையையே எடுத்து நம் முன்னால் வைத்தார். நீ கேட்ட வித்தியாசம் அதுதான், அது பெரிய வித்தியாசம். அந்தப் படைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் 2022 மே மாதம் நியூயார்க்கில் ஏலம் போனது 1964-இல் செய்த வேறொரு ஒற்றை மர்லின். அந்தத் தொகை ஓவியத்துக்கு மட்டும் கொடுத்ததல்ல. மர்லின் என்ற புகழும் வார்ஹோல் என்ற புகழும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. வாங்குகிறவர் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். அந்த மூல ஸ்டில்லை எடுத்த புகைப்படக்காரர் ஜீன் கோர்மன் என்று சொல்வார்கள். அந்தப் பெயரை நீ இதுவரை கேள்விப்பட்டிருக்கிறாயா?

இதே வார்ஹோல் விஷயத்தில் இன்னொரு புகைப்படக்காரர் தன் உரிமையைக் கேட்டார். லின் கோல்ட்ஸ்மித் என்ற அம்மையார். 1981-இல் பாடகர் பிரின்ஸை அவர் எடுத்த ஒரு படத்தை, 1984-இல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு முறை, ஓவியர் பார்த்து வரைய மட்டும் என்ற ஒப்பந்தத்தில் வாங்கியது. அந்த ஓவியர் வார்ஹோல். அவர் ஒன்றோடு நிறுத்தவில்லை, பதினாறு செய்தார். 2016-இல் பிரின்ஸ் இறந்தபோது அதில் ஆரஞ்சு நிறப் படம் ஒன்றை அட்டையில் போட்டுக்கொள்ள, வார்ஹோல் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கிடைத்தது. கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. அப்போதுதான் வரிசையில் மற்ற படங்கள் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மே மாதம், அந்த அட்டைப்பட உரிமத்தைப் பொறுத்தவரை அறக்கட்டளை சொன்ன நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி வாங்காமலே பயன்படுத்தலாம் என்ற வாதம் செல்லாது என்று ஏழு நீதிபதிகள் கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு பேர் மாறுபட்டார்கள். கலைஞர்களின் கையைக் கட்டிப்போடும் தீர்ப்பு என்று மாறுபட்டவர்கள் எழுதினார்கள். அந்தக் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒருவர் செய்ததைப் பார்த்துத்தான் அடுத்தவர் செய்கிறார். ஆனாலும் என் மனம் கோல்ட்ஸ்மித் பக்கம்தான். பிரின்ஸின் முகத்தில் அந்தத் தனிமையைக் கேமரா வழியாக முதலில் பார்த்தவர் அவர். பார்த்தவருக்குக் கூலி உண்டு.

எம்.எஃப். ஹுசைனும் பேனர் எழுதியவர்தானாமே? உங்களில் ஒருவர் அவ்வளவு பெரிய ஆள் ஆனது எப்படி?
*– வாசகர், கோயம்புத்தூர்*

ஆமாம். பண்டர்பூரில் பிறந்து பம்பாய்க்கு வந்து, 1930-களில் சினிமா ஹோர்டிங் எழுதித்தான் சாப்பிட்டார். 1947-இல் சூசா, ராஸா முதலியவர்களோடு முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்தார். அவருடைய குதிரைகளைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்காகப் போட்ட கோடு அது. சாரத்தின் மேல் நின்று பெரிய துணியில் வீசிப் பழகாத தோளுக்கு அந்தக் கோடு வராது.

பின்னாளில் அவரே நட்சத்திரமாகிவிட்டார். செருப்பில்லாத கால், வெள்ளைத் தாடி, கையில் நீளத் தூரிகை என்று ஓவியத்தைப் பார்க்காதவர்களுக்கும் அவரைத் தெரிந்தது. மாதுரி தீட்சித்தை வரிசையாக வரைந்தார், 2000-இல் அவரை வைத்து 'கஜகாமினி' என்று படமே எடுத்தார். அந்த வரிசை எனக்குப் பிடிக்காது. அதில் மாதுரியும் தெரிகிறார், ஹுசைனும் தெரிகிறார், ஓவியம் மெலிந்திருக்கிறது. அவர் யார் என்று அறிய 1954-இல் வரைந்த 'கிராம யாத்திரை'யைப் பாருங்கள். ஏறக்குறைய 14 அடி நீளத்தில் பதின்மூன்று கிராமக் காட்சிகள். மாவு அரைக்கிறவர்கள், வண்டி, வயல். ஒரு நட்சத்திரமும் இல்லை. நார்வேயில் ஒரு மருத்துவமனைச் சுவரில் பல்லாண்டுகள் இருந்த ஓவியம் அது. 2025 மார்ச்சில் 1.37 கோடி டாலருக்கு மேல் விலை போனபோதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

புகழ் வந்தால் கலை கெட்டுவிடும் என்று என் தாத்தா சொல்வார். அவர் நாகஸ்வரக் குடும்பம். உங்கள் கருத்து என்ன?
*– வாசகி, தஞ்சாவூர்*

தாத்தா பெரியவர், அனுபவத்தில் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் தொழிலிலேயே ஒருவரை எடுத்துப் பார்ப்போம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்தவர், 1956-இல் மறைந்தார். தோடி ராகம் என்றால் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். இசைத்தட்டு விற்றது, வானொலி ஒலித்தது, 1940-இல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். அந்தக் காலத்துக்கு அது முழு நட்சத்திரப் புகழ்.

அந்தப் புகழை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். நாகஸ்வரக்காரர் சட்டை போடக் கூடாது, மேல்துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் அவர் கோட்டுப் போட்டார், கிராப் வைத்தார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவ்வளவு பெரிய பெயர் இல்லாவிட்டால் அதைச் செய்ய விட்டிருக்க மாட்டார்கள். அவருக்குப் பிறகு வந்த எத்தனையோ வித்வான்கள் அந்த மேடையில் உட்கார்ந்தார்கள். புகழைத் தன் சாதிசனத்துக்கும் தொழிலுக்கும் முதுகெலும்பாக்கிக் கொடுத்தவர் அவர். அதனால் புகழ் என்றாலே கெடுதல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவர் வாசித்த வாத்தியத்தைப் பற்றியும் தாத்தாவிடம் கேளுங்கள். முன்பிருந்த குட்டையான திமிரிக்குப் பதிலாக, சுருதி குறைந்த நீளமான பாரி நாயனம் பரவியது அவர் காலத்தில். அதை அவருக்காகச் செய்து சீர்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஆச்சா மரத்தைக் கடைந்து துளை பார்த்தவர். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடி கேட்கும்போது அந்த ஆசாரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜி நாகஸ்வரம் பிடித்த அழகை, கன்னம் உப்பியதை, விரல் துளையில் ஓடியதை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டும், அது பெரிய நடிப்பு. கேட்ட நாதம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. உங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடும்போது பிள்ளைகளிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள்.

'பொன்னியின் செல்வன்' படம் பார்த்த பிறகு புத்தகத்தை எடுத்தால் குந்தவையும் நந்தினியும் நடிகைகளின் முகத்தோடுதான் வருகிறார்கள். அம்மா பார்த்த பழைய ஓவியம் என் மனதில் வரவே இல்லை. இது இழப்பா?
*– கல்லூரி மாணவி, மதுரை*

உன் அம்மா மனதில் இருப்பதும் ஒருவர் கொடுத்த முகம்தான் மகளே. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அந்தக் கதை வந்தபோது வாரா வாரம் வரைந்தவர் மணியம். பிறகு அது மறுபடியும் தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் முதலியவர்கள் தங்கள் கையில் வேறு வேறாக வரைந்தார்கள். அதனால் புதிய முகம் வந்தது தவறில்லை.

ஆனால் இழப்பு ஒன்று உண்டு. மணியத்தின் நந்தினிக்கு வெளியே வேறு வாழ்க்கை கிடையாது. அந்த மை, அந்தக் கோடு, அந்தக் கொண்டை, அவ்வளவுதான் அவள். நடிகையின் முகத்தோடு அவர் நடித்த மற்ற படங்கள், நகை விளம்பரம், விழா மேடை எல்லாம் கூடவே வரும். படிக்கிறவள் மனம் பாத்திரத்தை விட்டு அந்தப் பக்கம் நழுவிப் போகும். ஓவியம் அப்படி இழுக்காது, நீ நிரப்ப வேண்டிய இடத்தை உனக்கே விட்டுவைக்கும். மணியம் 44 வயதிலேயே, 1968-இல் போய்விட்டார். பழைய கல்கி பைண்டு வால்யூம் உங்கள் ஊர் நூலகங்களில் கிடைத்தால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து புரட்டு. பாத்திரத்தின் முகத்தை விட்டுவிட்டு, துணி மடிப்பை எப்படிப் போட்டிருக்கிறார், விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். வாரக்கெடுவுக்குள் இதைச் செய்திருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்.

என் மகள் பத்தாம் வகுப்பு. நடிகர்களின் முகத்தைப் பென்சிலில் அச்சு அசலாக வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். ஒரு நடிகர் அதைப் பகிர்ந்ததிலிருந்து ஆயிரக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். இப்போது வேறு எதையும் வரைய மாட்டேன் என்கிறாள். தடுக்கலாமா?
*– ஒரு தாய், ஈரோடு*

தடுக்காதீர்கள் அம்மா. முகம் அமைவது சாதாரண விஷயமில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரத்தைச் சரியாகப் பிடிக்கும் கை பத்தாம் வகுப்பில் இருக்கிறதென்றால் அது வரம். நடிகர் பகிர்ந்ததில் அவள் மகிழ்வதும் இயற்கை. நாங்கள் எழுதிய பேனரை நடிகர் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார் என்றால் அன்று பட்டறையே கொண்டாடும்.

ஆனால் அந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடிகரைப் பின்தொடர்ந்து வந்தவர்கள். அவர் முகம் இல்லாத படத்தை அவள் போட்டால் பாதிப்பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைக்கு அது வலிக்கும். அந்த வலிக்குப் பயந்துதான் வேறு வரைய மறுக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவளிடம் பேசுகிறேன், இதைப் படித்துக் காட்டுங்கள்.

தாயீ, நீ வரைவது ஒரு புகைப்படத்தைப் பார்த்து. வெளிச்சம் எங்கே விழ வேண்டும், தலை எவ்வளவு சாய வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் முடிவு செய்துவிட்டார். கடினமான பாதி வேலையை அவர் செய்துவிட்டார். அவர் பெயர் தெரிந்தால் உன் படத்தின் கீழே போடு, தெரியாவிட்டால் தேடு. உன் பெயரையும் ஓரத்தில் தெளிவாக எழுது. ஒரு நடிகருக்கு ஒரு படம் என்றால் உன் பாட்டிக்கு ஒரு படம் என்று வை. பாட்டியை உயிரோடு உட்கார வைத்து வரை. அசைவார்கள், தூங்கிப் போவார்கள், பேசுவார்கள். நடிகர் முகத்தில் ஒப்பனைக்காரர் மறைத்த எலும்பும் சுருக்கமும் அங்கே உனக்குக் கிடைக்கும். பாட்டி முகம் சரியாக வராது, மறுபடி போடு. அதை இன்ஸ்டாகிராமில் போட வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு நோட்டில் சேர்த்து வை. கூடவே மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை என்று உங்கள் ஊரிலேயே எவ்வளவு முகங்கள் இருக்கின்றன.

அம்மா, உங்களுக்கு ஒரு வார்த்தை. வரைந்து கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் இலவசமாகக் கொடுக்க வைக்காதீர்கள். உறவினராக இருந்தாலும் தாளுக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை வாங்கட்டும். உழைப்புக்கு விலை உண்டு என்று பதினைந்து வயதிலேயே அவளுக்குத் தெரியட்டும்.

வெளியே புகழே இல்லாமல், ஆனால் எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஓவியர் என்று யாரைச் சொல்வீர்கள்?
*– வாசகர், தூத்துக்குடி*

உங்கள் மாவட்டத்துக்காரரைத்தான் சொல்வேன். கோவில்பட்டி கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பிறகு கோவில்பட்டியில் நிலைத்தார். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள். லட்சுமி, முருகன், மீனாட்சி கல்யாணம் என்று அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வங்கள் காலண்டரில் அச்சாகித் தமிழ்நாட்டின் பூஜையறைகளுக்கெல்லாம் போனார்கள். நம் வீட்டு லட்சுமிக்கு அந்தக் கன்னமும் அந்தக் கருணையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பெரும்பாலும் அந்தப் பட்டறையிலிருந்துதான். 1976-இல் மறைந்தார்.

அதற்கு முன்னால் ரவி வர்மா இருந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தன் ஓவியங்களைக் கல்லச்சில் போட்டு வீடு வீடாகச் சேர்த்தார். அரசர்களுக்கு மட்டும் வரைந்திருந்தால் அந்தப் புகழ் வந்திருக்காது. அவரோடு கூடவே இருந்து பல ஓவியங்களில் கை கொடுத்த தம்பி ராஜ ராஜ வர்மாவும் தேர்ந்த ஓவியர். இயற்கைக் காட்சியில் அண்ணனுக்கே அவர் துணை. அண்ணன் பெயர் நின்ற அளவுக்குத் தம்பி பெயர் நிற்கவில்லை.

கொண்டைய ராஜு விஷயத்தில் என்னை நெகிழ வைப்பது, சீடர்களை அவர் மறைக்காததுதான். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று அவர்கள் தங்கள் பெயரிலேயே எழுதி, தங்கள் பெயரிலேயே அறியப்பட்டார்கள். பட்டறை வேலையில் இது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சென்னை வருகிறோம். நடிகர் வீடுகளைக் காட்டச் சொல்கிறார்கள். ஓவியம், சிற்பம் என்று எதைக் காட்டலாம்?
*– வாசகி, சிங்கப்பூர்*

நடிகர் வீட்டையும் காட்டுங்கள், பிள்ளைகளின் ஆசைதானே. பிறகு மெரினாவில் உழைப்பாளர் சிலையிடம் நிறுத்துங்கள். 1959 ஜனவரியில் திறந்தது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். சுற்றி ஒரு முறை நடக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு முதுகிலாவது நரம்பு புடைத்துத் தெரியும். நால்வரில் யாரும் பிரபலம் இல்லை. கல்லூரிக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் பார்த்துச் செய்ததாகச் சொல்வார்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அதே கடற்கரையில் நடக்கிற காந்தியும் அவர் செய்ததுதான்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் போங்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தன் மாணவர்களோடு தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் தாங்கள் விரும்பியதை வரைந்தவர்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகள் வெளியே இருக்கும் சிற்பங்களைப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.